கையால அமுக்குற ரப்பர் ப்ளோவர் போதுமா? கேமரா, லேப்டாப் தூசி பத்தி ஒரு கேள்வி

பெசன்ட்நகர்_அலை:

வணக்கம் மக்களே. எங்க வீடு எலியட்ஸ் பீச்ல இருந்து ரெண்டு தெரு தள்ளி. காலைல துடைச்ச மேஜைய சாயந்திரம் தடவிப் பாத்தா கையில நறநறன்னு ஒட்டுது, அந்த அளவுக்கு மணலும் உப்பும் காத்துல வருது. போன வருஷம் ஒரு மிரர்லெஸ் கேமரா வாங்கினேன், ஏபிஎஸ்-சின்னு சொல்ற சின்ன சைஸ் சென்சார், ரெண்டு லென்ஸ், பெரும்பாலும் விடியற நேரத்துல கடல எடுக்கறது தான். இப்போ கொஞ்ச நாளா படத்துல வானத்துல மேல் இடது பக்கம் சாம்பல் கலர்ல ஒரு புள்ளி தெரியுது, அது பக்கத்துலயே இன்னும் சின்னதா ரெண்டு. லென்ஸ் மாத்தினாலும் அதே இடம், அப்போ சென்சார்ல தான் தூசின்னு புரியுது.

விசாரிச்சா ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. கடையில கேட்டா சர்வீஸ்ல குடுத்துடுங்கன்றாங்க, ஆபீஸ் நண்பர் ஒருத்தர் காத்து அடைச்ச கேன் வாங்கி அடின்றார், மாமா பையன் என்னடான்னா பஞ்சர் கடை கம்ப்ரஸர்ல ஒரு தடவ அடிச்சா எல்லாம் போயிடும்னு சொல்றான். கையால அமுக்குற ரப்பர் ப்ளோவர் ஆன்லைன்ல சில நூறு ரூபாய்ல இருந்து ஆயிரம் தாண்டியும் இருக்கு, பாக்க எல்லாம் ஒரே மாதிரி தான் இருக்கு. இது போதுமா, எத பாத்து வாங்கணும், எப்படி ஊதணும்? அப்படியே லேப்டாப், ஃபோன் சார்ஜிங் ஓட்டைக்கெல்லாம் அதையே வெச்சுக்கலாமா? தெரிஞ்சவங்க கொஞ்சம் விவரமா சொல்லுங்க.

வடபழனி_கல்யாணப்படம்:

ப்ரோ, முதல்ல ப்ளோவர், மத்ததெல்லாம் அப்புறம். முகூர்த்த சீசன்ல ஒரே நாள்ல எத்தனை வாட்டி லென்ஸ் மாத்துவோம்னு கணக்கே இருக்காது, எங்க பேக்ல பேட்டரிக்கு அடுத்து இது தான் முக்கியம்.

ஊதறதுக்கு முன்னாடி தூசி எங்க இருக்குன்னு பாத்துக்கோங்க. லென்ஸ் துவாரத்த சின்னதாக்கி, அதாவது எஃப் 16 இல்ல 22 வெச்சு, ஐஎஸ்ஓ 100 போட்டு, ஃபோகஸ மேனுவல்ல கலைச்சு விட்டுட்டு வெள்ளைச் சுவத்தை எடுங்க. ஷட்டர் ஸ்லோவா போனா நல்லது தான், கேமராவ லேசா அசைச்சுக்கிட்டே எடுங்க, சுவத்துல இருக்கற கறை எல்லாம் கலைஞ்சு போயிடும், சென்சார் முன்னாடி இருக்கற புள்ளி மட்டும் அப்படியே நிக்கும். தூசி நேரா சென்சார் மேல உக்காருறதில்ல, அதுக்கு முன்னாடி இருக்கற கண்ணாடி மேல தான், அதனால நாம படத்துல பாக்கறது அதோட நிழல். எஃப் 2.8ல எடுத்தா நிழல் பரவி மறைஞ்சுடும், எஃப் 16ல கூர்மையா விழும். கல்யாணத்துல எல்லாம் 2.8லயே எடுக்கறதால நிறைய பேருக்கு சென்சார் அழுக்கா இருக்கறதே தெரியாது, ஆனா உங்கள மாதிரி கடல் வானம் எடுக்கறவங்களுக்கு உடனே கண்ல படும்.

இன்னொண்ணு, சென்சார்ல பிம்பம் தலைகீழா விழும். படத்துல மேல் இடது பக்கம் புள்ளின்னா, கேமராவ நேரா பிடிச்சு முன்னாடி இருந்து மவுண்ட், அதாவது லென்ஸ் மாட்டற வாய் வழியா பாக்கும்போது அது கீழ் இடது பக்கம் இருக்கும். அங்க குறி வெச்சு ஊதுங்க.

ஊதற முறை இது தான். ஃபேன ஆஃப் பண்ணுங்க, இத நம்ம ஊர்ல பாதி பேர் மறந்துடுவாங்க, ஏன்னா ஃபேன் எப்பவுமே ஓடிக்கிட்டே தான் இருக்கும், மேல இருந்து தூசிய நேரா கேமராக்குள்ள தள்ளும். லென்ஸ கழட்டினதும் மவுண்ட் தரைய பாக்குற மாதிரி கேமராவ கவுத்துப் பிடிங்க, கீழ இருந்து மேல ஊதுங்க, அப்போ தான் கிளம்பற தூசி கீழ விழும். மல்லாக்க வெச்சு ஊதினா அது உள்ளயே சுத்திட்டு வேற இடத்துல உக்காரும். ப்ளோவர் மூக்கு மவுண்ட் வளையத்த தாண்டி உள்ள போகவே கூடாது, அமுக்கும்போது கை நழுவி முனை இடிச்சா செலவு எங்கயோ போயிடும். நாலஞ்சு தடவ பலமா அமுக்கி ஊதிட்டு உடனே லென்ஸ போட்டுடுங்க, திரும்ப சுவத்தை எடுத்துப் பாருங்க.

சில மிரர்லெஸ்ல ஆஃப் பண்ணா ஷட்டர் மூடிக்கும். உங்களோடது அப்படின்னா மூடின ஷட்டர் மேல ஊதாதீங்க, அந்தத் தகடு ரொம்ப மெல்லிசு. மெனுல சென்சார் க்ளீனிங்னு ஷட்டர திறந்து வெக்கற ஒரு மோட் இருக்கும், அதுல போட்டு ஊதுங்க. உள்ள மிரர் இருக்கற டிஎஸ்எல்ஆர் கேமரா வெச்சிருக்கறவங்க பேட்டரி ஃபுல்லா இருந்தா மட்டும் இதத் தொடங்குங்க, நடுவுல சார்ஜ் தீந்தா அந்த மிரரும் ஷட்டரும் இறங்கிடும்.

வாயால ஊதறத மட்டும் தயவுசெஞ்சு செய்யாதீங்க. எவ்ளோ பாத்து ஊதினாலும் எச்சில் தெறிக்கும், காய்ஞ்சதும் அந்தக் கறைய எந்தக் காத்தும் எடுக்காது.

ரிச்சிதெரு_பெஞ்ச்:

மேல தம்பி சரியா சொல்லியிருக்கார். நான் ரிச்சி தெரு பக்கம் ரிப்பேர் வேலை பாக்கறவன், எத வாங்கறதுன்னு நான் சொல்றேன்.

விலையவிட வால்வ பாருங்க. சாதா ரப்பர் பல்பு, அதாவது மெடிக்கல் ஷாப்ல காதுக்குத் தண்ணி அடிக்கக் குடுக்கறாங்களே அந்த மாதிரி, அதுக்கு ஒரே ஓட்டை. அமுக்கினா அதே வழியா காத்து வெளிய போகும், விட்டா அதே வழியா உள்ள வரும். அப்போ என்ன ஆகும், இப்போ தான் கிளப்பி விட்ட தூசியையே உறிஞ்சி அடுத்த ஊதல்ல திரும்ப அடிப்பீங்க. நல்ல ப்ளோவர்ல பின்பக்கம் தனியா ஒரு வால்வு இருக்கும், காத்து அங்க இருந்து உள்ள போய் முன்னாடி மட்டும் வெளிய வரும். ஜியோட்டோஸ் ராக்கெட் மாதிரி மாடல்ல இப்படித் தான், வேற பேர்லயும் வருது. கடையில நின்னே சோதிக்கலாம். பல்ப நல்லா அமுக்குங்க, அமுக்கின கையோட மூக்கு ஓட்டைய விரலால அடைங்க, அப்புறம் பிடிய விடுங்க. பல்பு சரசரன்னு உப்பிச்சுன்னா பின்னாடி வால்வு வேலை செய்யுது. சப்பியே கிடந்தா வெச்சுட்டு வந்துடுங்க.

ரெண்டாவது உள்பக்கம். மலிவான ரப்பர்ல உள்ள ஒட்டாம இருக்க பவுடர் போட்டிருப்பாங்க, சிலதுல ரப்பர் துணுக்கே கிடக்கும். புதுசு எதுவா இருந்தாலும் கேமரா கிட்ட கொண்டு போறதுக்கு முன்னாடி வெறும் காத்துல நிறைய தடவ அமுக்கித் தள்ளுங்க, அப்புறம் துடைச்ச ஃபோன் ஸ்க்ரீன ஆஃப் பண்ணி வெச்சு, அந்தக் கறுப்பு மேல கிட்டக்க ஊதி சாய்ச்சுப் பாருங்க. வெள்ளையா புள்ளி தெரிஞ்சா அது உங்க சென்சாருக்கு வேணாம், கீபோர்டுக்கு வெச்சுக்கோங்க. சிலிக்கோன் ரப்பர் கொஞ்சம் விலை கூட, ஆனா நம்ம வெயிலுக்கு அது தான் தாங்குது. சாதா ரப்பர மே மாசம் வண்டி டேஷ்போர்டுல போட்டு வெச்சா பிசுபிசுன்னு ஆகி உள்ளயே உதிர ஆரம்பிச்சுடும்.

முனையில ப்ரஷ் வெச்ச ப்ளோவர் ஒண்ணு விக்கறாங்க. லென்ஸ் வெளிப்பக்கத்துக்கு சரி, சென்சாருக்குக் கூடாது, கேமரா கம்பெனி மேனுவல்லயே ப்ரஷ் இல்லாத ப்ளோவர் தான்னு தெளிவா போட்டிருப்பாங்க.

பஞ்சர் கடை கம்ப்ரஸர் பக்கமே போகாதீங்க. அந்த டேங்குக்குள்ள காத்துல இருக்கற ஈரம் எல்லாம் தண்ணியா தேங்கும், சென்னை ஈரப்பதத்துக்கு கேக்கவே வேணாம், கூடவே கம்ப்ரஸர் ஆயிலும் பொடி துளியா வரும். டயருக்கு அது ஒண்ணும் பண்ணாது. கேமராக்குள்ள அடிச்சா முடிஞ்சுது.

ஓஎம்ஆர்_டெஸ்க்:

எல்லாரும் கேன வில்லன் ஆக்கறீங்க, நான் ஒத்துக்க மாட்டேன். எங்க ஆபீஸ் ஐடி டீம் பல வருஷமா கேன் தான் யூஸ் பண்றாங்க, கீபோர்டு, டெஸ்க்டாப் கேபினட் எல்லாத்துக்கும். ரப்பர் ப்ளோவர வெச்சு ஒரு கேபினட் முழுக்க ஊதணும்னா கை கழண்டுடும், சிபியு மேல சூட்ட இழுக்க வெச்சிருக்கற உலோக ஹீட்சிங்க்ல படிஞ்ச தூசி அதுல அசையவே அசையாது. மெட்ரோ வேலை நடக்கற ரோட்டோரம் ஆபீஸ், அந்த சிமென்ட் தூசிக்கு கொஞ்சம் பலமான காத்து வேணும். எந்தப் பொருளுக்கு எதுன்னு பிரிச்சு சொல்லுங்க, மொத்தமா வேணாம்னு சொல்லாதீங்க.

ரிச்சிதெரு_பெஞ்ச்:

நியாயமான கேள்வி. டெஸ்க்டாப்புக்கு கேன் வேணாம்னு நான் சொல்லல, கேமரா உள்ள வேணாம்னு தான் சொல்றேன்.

கேன்ல இருக்கறது நாம மூச்சு விடற காத்து இல்ல, டைஃப்ளூரோஈத்தேன் மாதிரி ஒரு வாயு அழுத்தத்துல திரவமா இருக்கு. நேரா பிடிச்சா வாயுவா வரும், கொஞ்சம் சாய்ச்சாலோ குலுக்கினாலோ திரவமாவே பீச்சும், பட்ட இடம் சில்லுன்னு உறையும், காய்ஞ்சா வெள்ளையா கறை நிக்கும். சென்சார் கண்ணாடி மேல அது பட்டா அப்புறம் ஸ்வாப், அதாவது சென்சார் துடைக்கற பட்டைக் குச்சி போட்டு துடைச்சே ஆகணும், மேனுவல்லயே ஸ்ப்ரே வாயு அடிக்காதீங்கன்னு எச்சரிக்கை போடறது இதனால தான். அழுத்தமும் அதிகம், ஷட்டர் தகட்ட வளைக்கற அளவுக்கு வரும். அந்த வாயு தீப்பிடிக்கும் வேற, ஓடிக்கிட்டிருக்கற சூடான சிஸ்டம்ல அடிக்கவே கூடாது. ஃப்ளைட்லயும் ஏத்த விட மாட்டாங்க, ரப்பர் ப்ளோவர எந்த பேக்லயும் போட்டுக்கலாம்.

கேபினட்டுக்கு நீங்க சொல்றது சரி, கை ப்ளோவர் பத்தாது. நாங்க கடையில கரண்டுல ஓடற ப்ளோவர் தான் வெச்சிருக்கோம். பிளக்க உருவிட்டு, பால்கனிக்கோ வாசலுக்கோ தூக்கிட்டுப் போய், மூக்கு மதர்போர்டுல படாம தள்ளி வெச்சு, முக்கியமா ஃபேன் இறக்கைய விரலாலயோ ஒரு குச்சியாலயோ பிடிச்சுக்கிட்டு அடிக்கணும். பிடிக்கலன்னா காத்து வேகத்துல ஃபேன் அளவுக்கு மீறி சுத்தும், பேரிங் போகும், சுத்தற ஃபேன் கரண்ட திருப்பி போர்டுக்கு அனுப்பவும் வாய்ப்பிருக்கு.

பறவைபாக்கறவன்:

கேள்வி கேட்டவர் பீச்சுல எடுக்கறவர், அதனால சென்சாரவிட லென்ஸ் பத்தி தான் எனக்கு கவலை. பள்ளிக்கரணையில ரேடியல் ரோடு ஓரம் நின்னு எடுக்கறவங்களுக்கும் இதே கதை தான், லாரி ஒண்ணு போனா முன் கண்ணாடி மேல ஒரு படலம் வந்துடும். உடனே சட்டை நுனியால துடைக்கற பழக்கம் தான் லென்ஸ் மேல இருக்கற கோட்டிங்க கெடுக்குது. கடல் மணல்ல பெரும்பகுதி குவார்ட்ஸ், அது கண்ணாடிய விட கடினம். துணிக்கும் லென்ஸுக்கும் நடுவுல ஒரே ஒரு மணல் மாட்டினா போதும், உப்புத்தாள் வெச்சு தேய்ச்ச மாதிரி வட்ட வட்டமா கோடு விழும்.

அதனால வரிசை மாறக் கூடாது. லென்ஸ் முன்பக்கம் தரைய பாக்கட்டும், கண்ணாடிக்கு நேரா ஊதாம ஓரத்துல இருந்து சாய்வா ஊதி மணல வெளிய தள்ளுங்க, ஃபில்டர் ரிங் இடுக்குல தான் நிறைய ஒளிஞ்சிருக்கும், சுத்தி சுத்தி ஊதுங்க. அப்புறம் மெத்து ப்ரஷ். அதுக்கும் அப்புறம் தான் மைக்ரோஃபைபர் துணி, அதுவும் கைரேகையோ உப்புப் படலமோ இருந்தா மட்டும். ஊதினதுலயே சுத்தமாயிடுச்சுன்னா துடைக்கவே வேணாம்.

ஜூம் ரிங்க திருப்பும்போது நறநறன்னு சத்தம் வந்தா அங்கயே நிறுத்திடுங்க. லென்ஸ கவுத்துப் பிடிச்சு ரிங் இடுக்கு முழுக்க ஊதுங்க, லேசா அப்படி இப்படி அசைச்சு திரும்ப ஊதுங்க. வெளிய நீளற ஜூம் லென்ஸ் நீளும்போது காத்த உள்ள இழுக்கும், அந்தக் காத்தோட தூசியும் உள்ள போகும், அதனால நீண்டு நிக்கற குழாய ஊதி சுத்தம் பண்ணிட்டு அப்புறம் உள்ள தள்ளுங்க. லென்ஸ் பின்மூடி, கேமரா பாடி மூடி ரெண்டையும் வாரம் ஒரு தடவையாவது ஊதுங்க. சென்சார்ல தூசி வர்றதுக்கு பேக் அடியில கிடந்த மூடியும் ஒரு காரணம், அத யாரும் கவனிக்கறதில்ல.

உப்பு விஷயத்துல ப்ளோவர் உதவாது. அது ஈரத்த இழுத்து ஒட்டிக்கிட்டே இருக்கும். வீட்டுக்கு வந்ததும் மணல ஊதிட்டு, நல்ல தண்ணில நனைச்சு இறுக்கிப் பிழிஞ்ச துணியால பாடிய ஒத்தி எடுத்து, உடனே காய்ஞ்ச துணியால துடைங்க. பீச்சுல நின்னு லென்ஸ் மாத்தறத விட்டுடுங்க, மாத்தியே ஆகணும்னா காத்துக்கு முதுக காட்டி உக்காந்து, பேக்குக்குள்ள கைய விட்டு மாத்துங்க.

பெசன்ட்நகர்_அலை:

ரொம்ப நன்றி எல்லாருக்கும். வால்வு சோதனை பண்ணியே ஒண்ணு வாங்கிட்டேன், மவுண்ட் ரோடுல ஒரு கடையில அவங்களே கையில குடுத்து அமுக்கிப் பாக்க விட்டாங்க. ஃபேன ஆஃப் பண்ணிட்டு கவுத்துப் பிடிச்சு ஊதினேன், சின்னப் புள்ளி ரெண்டும் காணோம். பெருசு மட்டும் அதே இடத்துல இருக்கு, இன்னும் பலமா ஊதலாமா? ஃபோன் பத்தி யாரும் சொல்லல, லேப்டாப்பும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க, ஃபேன் சத்தம் ஜாஸ்தியா இருக்கு.

மடிப்பாக்கம்_மேக்ரோ:

ஊதி ஊதி அசையலன்னா அது காய்ஞ்ச தூசி இல்ல, ஒட்டிக்கிட்டது. மகரந்தமா இருக்கலாம், ஷட்டர்ல இருந்து தெறிச்ச எண்ணெய்ப் பொட்டா இருக்கலாம், உப்பு நீர் காய்ஞ்ச கறையா இருக்கலாம். கல்யாணத்துல ஹோமப் புகை நெய்யோட படியறது, போகி அன்னிக்கு ஊர் முழுக்க பறக்கற கரி, இதெல்லாமும் இந்த ரகம் தான். இன்னும் பலமா காத்து அடிக்கணும்னு தோணும், அங்க தான் ஆளுங்க கேனையும் கம்ப்ரஸரையும் கையில எடுக்கறாங்க. காத்தால ஆகற வேலை முடிஞ்சுது, நிறுத்திக்கோங்க.

முதல்ல மெனுல தானா ஓடற சென்சார் க்ளீனிங்க ஓட விடுங்க, சென்சார் முன்னாடி இருக்கற கண்ணாடிய அதிவேகமா அதிர வெச்சு தூசிய உதறும். 2003ல ஒலிம்பஸ் ஈ-1ல வந்த வித்தை, இப்போ பெரும்பாலான கேமராவுல இருக்கு. முடிஞ்சதும் திரும்ப ஒரு தடவ ஊதுங்க, சில சமயம் இளகி விழுந்துடும். அதுக்கும் மசியலன்னா ஸ்வாப். ஏபிஎஸ்-சிக்கு 16 மி.மீ. அகலம், அதவிட பெரிய ஃபுல் ஃப்ரேம் சென்சாருக்கு 24 மி.மீ., சென்சாருக்குன்னே விக்கற திரவம் ரெண்டு சொட்டு, ஒரு பக்கமா ஒரே இழுப்பு, அடுத்த பக்கத்தால திரும்ப ஒரு இழுப்பு, அவ்ளோ தான், அந்த ஸ்வாப குப்பைல போடுங்க. ஸ்வாப் போடறதுக்கு முன்னாடியும் ஊதியே ஆகணும், இல்லன்னா மணல சென்சார் மேல நீங்களே இழுத்துட்டுப் போவீங்க. கையில நடுக்கம் இருக்கு, பயமா இருக்குன்னா சர்வீஸ்ல குடுங்க, உங்க கேமரா பாடில கை நடுக்கத்த சமாளிக்க சென்சார் மிதக்கற ஸ்டெபிலைசேஷன் இருந்தா இன்னும் மெதுவா தொடணும்.

லென்ஸுக்குள்ள வலை மாதிரி நூல் நூலா தெரிஞ்சா அது பூஞ்சை, அதையும் தூசின்னு நினைச்சு ஊதிக்கிட்டு இருக்காதீங்க, காத்து அங்க போகவே போகாது. நம்ம ஊர் ஈரத்துக்கு 40ல இருந்து 50 சதவீதம் ஈரப்பதத்துல வெக்கற ட்ரை பாக்ஸ் ஒண்ணு வாங்கிடுங்க, கடல் பக்கத்து வீட்டுக்கு அது ஆடம்பரம் இல்ல. ஏசி ரூம்ல இருந்து எடுத்துட்டுப் போனதும் லென்ஸ் மேல பனி படியும், அதையும் ஊதி விரட்ட முடியாது, பேக்கத் திறக்காம வெளிய கொஞ்ச நேரம் விட்டுட்டு அப்புறம் எடுங்க.

இன்னொரு உபயோகம் சொல்றேன். அப்பா எடுத்த பழைய நெகட்டிவ் எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணிக்கிட்டு இருக்கேன், ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் ரெண்டு பக்கமும் ஊதி, ஸ்கேனர் கண்ணாடியையும் ஊதிட்டுத் தான் வெப்பேன். ஊதாம வெச்ச ஃப்ரேம்ல முகத்து மேல நூல் மாதிரி ஒரு தூசி விழும், அத கம்ப்யூட்டர்ல அழிக்க ஆகற நேரத்துல முழு ரோல ஊதி முடிச்சுடலாம்.

ரிச்சிதெரு_பெஞ்ச்:

ஃபோனுக்கு வர்றேன். ஆஃப் பண்ணுங்க, சார்ஜிங் ஓட்டை தரைய பாக்கட்டும், ப்ளோவர் மூக்க உள்ள சொருகாம ஒரு விரல் தள்ளி வெச்சு ஊதுங்க. கேபிள் டக்குன்னு மாட்டாம தொளதொளன்னு இருந்தா, உள்ள பாக்கெட் பஞ்சு கெட்டியா இறுகியிருக்கும், அது ஊதலுக்கு வராது. மரப் பல்குச்சி முனைய சீவி மெல்லிசாக்கி, ஓரமா மெதுவா நெம்பி இளக்கிட்டு அப்புறம் ஊதுங்க, கொத்தா வந்து விழும். ஊசி, ஹேர்பின் எதுவும் வேணாம், உள்ள இருக்கற பின் வளையும், ஷார்ட் ஆகும். மைக் ஓட்டைக்குள்ள நேரா ஊதாதீங்க. ஸ்பீக்கர் வலைக்கு காய்ஞ்ச மெத்து ப்ரஷ் போதும்.

லேப்டாப் சத்தத்துக்கு வெளிய இருந்து ஊதறதுல பலன் கம்மி. ஃபேனுக்கும் சூட்ட வெளியேத்தற செம்புத் தகடுகளுக்கும் நடுவுல தூசி கம்பளித் துணி மாதிரி ஒரு பட்டையா படிஞ்சு காத்து வழிய அடைச்சிருக்கும், வெளிய இருந்து ஊதினா அது இன்னும் உள்ள இறுகும். பின்மூடியக் கழட்டணும், முதல் வேலையா பேட்டரி கனெக்டர உருவணும், ஃபேன விரலால பிடிச்சுக்கிட்டு ட்வீசர்ல அந்தப் பட்டைய உரிச்சு எடுக்கணும், மிச்ச தூசிய உங்க ரப்பர் ப்ளோவரே தள்ளிடும். வாரண்டி இருக்கற மெஷின்னா மூடிய நீங்க கழட்டாம அவங்க கிட்டயே குடுங்க. லேப்டாப்புக்கு ஊதின ப்ளோவர அப்படியே கேமராக்கு எடுக்காதீங்க, மூக்கத் துடைச்சு, வெறும் காத்துல நல்லா அமுக்கித் தள்ளிட்டு எடுங்க. முடிஞ்சா ரெண்டு தனித்தனியா வெச்சு, கேமராவோடத ஜிப் கவர்ல போட்டு வைங்க.